'கேன் லா!' என்றால் கோபம் இல்லை... சிங்கப்பூரில் முதல் வாரம் காதில் விழும் சொற்களும் அவற்றின் உள்ளர்த்தமும்!

"கேன்."

சிங்கப்பூரில் இறங்கிய முதல் நாளே இந்த ஒற்றைச் சொல் உங்கள் காதில் பத்து முறையாவது விழும். டாக்ஸிக்குள் தலையை நீட்டி, "இந்த முகவரிக்குப் போக முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் கேட்பீர்கள். "கேன்" என்று மட்டும் பதில் வரும். கடையில் கொஞ்சம் சில்லறை மாற்றித் தரச் சொன்னால், "கேனாட்". அதற்கு முன்னால் ஒரு 'ஸாரி' இருக்காது, பின்னால் ஒரு 'மேடம்' இருக்காது.

சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணம்தான். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால் போதும். சாலைப் பலகைகளில் ஆங்கிலம், நாணயத்தில் தமிழ், தேக்காவில் மல்லிகைப்பூ. 'நமக்குத் தெரிந்த ஊர்தானே' என்ற தைரியத்தோடு போகிறவர்களை முதலில் தடுக்கி விடுவது அங்கே பேசப்படும் ஆங்கிலம்தான். "என்ன இது, இவ்வளவு பணக்கார நாட்டில் இப்படி வெடுக் வெடுக்கென்று பேசுகிறார்களே?" என்பதுதான் மகன், மகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் முதல், வேலைக்குப் போகும் இளைஞர்கள் வரை பலரும் சொல்லும் முதல் புகார்.

உண்மையில் அது வெடுக்கும் இல்லை, தப்பு ஆங்கிலமும் இல்லை. அதற்குப் பெயர் 'சிங்லிஷ்'. அதைச் சரியாகக் காதில் வாங்குகிறவர்களுக்கு சிங்கப்பூர் வேறு ஊராகத் தெரியும்.

ஒரு 'கேன்', ஏழு அர்த்தம்!

தமிழில் 'வா' என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாகச் சொல்கிறோம்? வாயேன், வாப்பா, வாங்களேன், வாயா, வந்துதான் பாரேன். ஒவ்வொன்றிலும் செய்தி ஒன்றுதான், மனசு வேறு. கெஞ்சல், உரிமை, மரியாதை, சவால் எல்லாவற்றையும் அந்தச் சின்ன வால்தான் சுமக்கிறது. சிங்லிஷும் அதே வேலையைத்தான் செய்கிறது.

'கேன் லா' என்றால், 'முடியும், கவலைப்படாதே'. 'கேன் ஆ?' என்றால் 'முடியுமா?'. 'கேன் மே?' என்றால் 'நிஜமாவே முடியுமா, எனக்கு நம்பிக்கை இல்லையே'. 'கேன் லே' என்றால், நீங்கள் முடியாது என்று நினைத்ததற்கு மறுப்பாக, 'முடியுமே!'. 'கேன் ஹோர்?' என்றால், 'முடியும்தானே, பேச்சு மாறக் கூடாது'. 'கேன் லோர்' என்றால், 'முடியும்... வேற வழி?' என்ற சலிப்பு. 'கேன், கேன்' என்று இரண்டு முறை சொன்னால், 'தாராளமா'.

ஆங்கிலத்தில் நீளமாகச் சொல்ல வேண்டிய பணிவையும் தயக்கத்தையும் இங்கே ஓர் அசை முடித்துவிடுகிறது. அந்த அசை நம் காதில் ஏறாததால்தான் பேச்சு மொட்டையாகக் கேட்கிறது. இந்த 'லா' எங்கிருந்து வந்தது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. மலாய் என்பவர்கள் உண்டு, சீன மொழிகள் என்பவர்களும் உண்டு.

இன்னொரு விஷயமும் தமிழர்களுக்குச் சட்டெனப் பிடிபடும். 'ஈட் ஆல்ரெடி' என்று அங்கே சொன்னால், 'சாப்பிட்டாச்சு' என்று அர்த்தம். 'ஆல்ரெடி' என்பது இங்கே நம் 'ஆச்சு' செய்யும் வேலையைச் செய்கிறது. 'வேர் காட்?' என்று கேட்டால், எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள் என நினைக்க வேண்டாம். "நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" என்று நாம் மறுப்போமே, அந்த 'எங்கே'தான் அது. பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா?' என்று விசாரிக்கும் பழக்கமும் அங்கே உண்டு. 'மக்கான்' என்ற மலாய்ச் சொல்லுக்குச் சாப்பிடுவது என்று பொருள். "மக்கான் ஆல்ரெடி?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டால், உங்களை விருந்துக்குக் கூப்பிடவில்லை. நலம் விசாரிக்கிறார்.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் உஷார் தேவை. 'லாஸ்ட் டைம்' என்றால் 'போன தடவை' என்று நாம் புரிந்துகொள்வோம். அங்கே பெரும்பாலும் அது 'முன்பெல்லாம்' என்ற அர்த்தத்தில் வரும். "லாஸ்ட் டைம் ஐ ஸ்மோக்" என்று ஒரு முதியவர் மருத்துவமனையில் சொன்னால், போன முறை புகைத்தேன் என்பதல்ல. ஒரு காலத்தில் புகைபிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே. செவிலியர் வேலைக்குச் செல்பவர்கள் முதல் வாரமே காதைப் பழக்கிக்கொள்ள வேண்டிய இடம் இது.

காபிக் கடையில் காத்திருக்கும் தேர்வு

'ஒரு காபி' என்று கேட்டு வாங்க முடியாத நாடு சிங்கப்பூர். அங்கே அது 'கோப்பி'. வெறுமனே 'கோப்பி' என்றால் கட்டியான இனிப்புப் பாலும் சர்க்கரையும் கலந்து வரும். நம்மூர் ஃபில்டர் காபி நாக்குக்கு முதல் மடக்கே திகட்டும்.

சர்க்கரை மட்டும் போட்ட கறுப்புக் காபி வேண்டுமா? 'கோப்பி ஓ'. ஹொக்கியன் சீன மொழியில் 'ஓ' என்றால் கறுப்பு. இனிப்பில்லாத கெட்டிப்பாலும் சர்க்கரையும் சேர்த்து வேண்டுமா? 'கோப்பி சி'. சர்க்கரையே வேண்டாமா? 'கொசோங்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மலாயில் அதற்குக் காலி, பூஜ்யம் என்று அர்த்தம். சர்க்கரை கம்மியாகப் போதும் என்றால் 'சியூ தாய்', ஸ்ட்ராங்காக வேண்டும் என்றால் 'காவ்', லைட்டாகப் போதும் என்றால் 'போ', ஐஸ் போட வேண்டும் என்றால் 'பெங்'. பார்சல் கட்ட 'தா பாவ்'. ஆக, சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குப் பாலோடு ஒரு காபி சொல்ல வேண்டும் என்றால், 'கோப்பி சி கொசோங்' என்று கேட்க வேண்டும். வெறும் 'கோப்பி' என்று வாய் தவறிச் சொன்னால், ஒரு வாரத்துக்கான இனிப்பு ஒரே கோப்பையில் வந்துவிடும்!

டீக்கும் இதே கணக்குதான். 'தே', 'தே ஓ', 'தே சி'. இஞ்சி டீக்கு 'தே ஹாலியா'. மைலோவுக்கு ஒரு வேடிக்கையான பெயர் உண்டு, 'தாக் கியூ'. ஹொக்கியனில் அதற்குப் பந்தை உதைப்பது என்று பொருள். மைலோ டப்பாவில் கால்பந்து ஆடுகிறவர் படம் இருந்ததால் வந்த பெயர் அது.

ஒரு கப் காபிக்குள் மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் மூன்றும் கலந்திருப்பதைக் கவனித்தீர்களா? தோட்டத்திலும் துறைமுகத்திலும் ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாமல் வேலை பார்த்தவர்கள், பசிக்கும் தாகத்துக்கும் பொதுவாகச் சேர்த்துக்கொண்ட சொற்கள் இவை. பள்ளிக்கூடம் சொல்லித் தரும் முன்பே சாப்பாட்டு மேஜையில் பிறந்துவிட்ட மொழி.

மேஜை மேல் டிஷ்யூ பாக்கெட்... தொட்டுடாதீங்க!

'உணவங்காடி நிலையம்' என்று சிங்கப்பூர்த் தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களுக்கெல்லாம் தண்ணீர், வடிகால் வசதியோடு அரசு கட்டிக் கொடுத்த பொதுக் கூடங்கள். இன்று 100-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. இந்த உணவுக் கலாசாரத்தை 2020-ல் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மதியம் 12 மணிக்கு உள்ளே போனால், காலி மேஜைகளின் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடக்கும். சில மேஜைகளில் குடை, சில மேஜைகளில் அலுவலக அடையாள அட்டை. யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து எடுத்துக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அது 'சோப்' செய்யப்பட்ட இடம். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதன் சிங்கப்பூர் வடிவம். ஒரு வித்தியாசம், இங்கே துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் சண்டை வரும். அங்கே டிஷ்யூ பாக்கெட்டை யாரும் தொடுவதே இல்லை. முத்திரை குத்துவதைக் குறிக்கும் 'சாப்' என்ற சொல்லிலிருந்து வந்தது இந்த 'சோப்'.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவது நம் பழக்கம். அங்கே 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் தட்டை அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைப்பது கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம். பெருவிரைவு ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் விதிக்க முடியும். 500 வெள்ளி வரை. பபிள்கம் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் 1992-லிருந்து தடை இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டாம்.

எந்தக் கடையில் நீளமான வரிசை இருக்கிறதோ, அங்கே போய் நிற்பதும் சிங்கப்பூர் வழக்கம். "என்ன விற்கிறார்கள் என்றே தெரியாமல் நிற்கிறார்களே?" என்று தோன்றும். அதற்கும் ஒரு சொல் உண்டு, 'கியாசு'. எங்கே நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றம். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ள சிங்கப்பூரர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே இந்தச் சொல் ஏறிவிட்டது. 2016-ல் அதே அகராதியில் நம் காதுக்கு மிகப் பழக்கமான இன்னொரு சொல்லும் இடம்பிடித்தது, 'ஐயோ'!

கடை, கப்பல், கட்டில்... மலாய்க்குள் நம் சொற்கள்

சிங்லிஷுக்குள்ளும் மலாய்க்குள்ளும் கொஞ்சம் தோண்டினால் தமிழ் தட்டுப்படும். மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பால்', கட்டிலுக்கு 'காத்தில்'. எல்லாம் கடல் வணிகத்தோடு போய் இறங்கிய சொற்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே பேப்பர், பிஸ்கட், தீப்பெட்டி விற்கும் பெட்டிக்கடையை அங்கே எல்லா இனத்தவரும் 'மாமா ஷாப்' என்கிறார்கள். பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தியதால், நம் 'மாமா'வே கடைக்குப் பெயராகிவிட்டார்.

'குண்டு' என்ற சொல்லும் அங்கே குடியேறிவிட்டது, அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. சிங்லிஷில் 'கூண்டு' என்றால் மண்டு, முட்டாள். சில்வியா தோ பைக் சூ என்ற எழுத்தாளர் 1982-ல் சிங்லிஷ் பற்றி எழுதிய நகைச்சுவைப் புத்தகத்தின் பெயரே 'ஏ, கூண்டு!'தான். ஒரு சீனப் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் அட்டையில் ஒரு தமிழ்ச் சொல்!

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். 'தோபி காட்' என்ற ரயில் நிலையத்தின் பெயர், அங்கே துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களின் நினைவு. லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் 'தேக்கா' என்கிறார்கள். அதுவோ மூங்கில் புதரின் அடிவாரம் என்ற பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. அதே பகுதியில் இருக்கும் புகழ்பெற்ற 'கே.கே.' மகப்பேறு மருத்துவமனையின் முழுப்பெயர் 'கண்டாங் கெர்பாவ்'. மலாயில் எருமைத் தொழுவம். ஒரு காலத்தில் இந்தியர்கள் மாட்டு வணிகம் செய்த இடம் அது. தமிழர்கள் கூடும் இடத்துக்குச் சீனப் பெயர், மாடு கட்டிய இடத்துக்கு மலாய்ப் பெயர். சிங்கப்பூர் அப்படித்தான்.

சைனாடவுனின் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. சில அடிகள் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமே சூலியா மசூதி. வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் அருகருகே இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீன பக்தர்கள், கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

'சொந்த ஊர் எது?' - ஒரு சங்கடமான கேள்வி

இனி கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

சிங்கப்பூரில் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்ததும் நமக்கு வாயில் வரும் முதல் கேள்வி, "நீங்க எந்த ஊர்?". "சிங்கப்பூர்" என்று பதில் வரும். நாம் விட மாட்டோம். "அது சரி, சொந்த ஊர்?" என்போம். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் எதிரில் நிற்பவரின் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே குடும்பம் அங்கே வந்திருக்கலாம். தேசிய சேவையில் ராணுவப் பயிற்சி எடுத்தவராக இருக்கலாம். அவருக்கு அந்தக் கேள்வி, 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்பது போலக் கேட்கும்.

அவர் பேசும் தமிழும் கொஞ்சம் வேறு மாதிரிதான். டாலரை 'வெள்ளி' என்பார், சென்ட்டை 'காசு' என்பார். "காலையில பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். லிஃப்ட் அறிவிப்பில் 'மின்தூக்கி' இருக்கும், கால்பந்து 'காற்பந்து' ஆகியிருக்கும், அமைச்சகம் 'அமைச்சு' ஆகியிருக்கும். ஹெச்.டி.பி. வீட்டை 'வீவக வீடு' என்பார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கம் அது. 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் இன்றும் வருகிறது. நம்மூர் சினிமாத் தமிழை அளவுகோலாக வைத்துக்கொண்டு, "என்ன தமிழ் இப்படிப் பேசுறீங்க?" என்று சிரித்துவிட்டால், அந்த நட்பு அங்கேயே முடிந்துவிடும்.

அந்தத் தமிழுக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்றுதான். ரயில் அறிவிப்பிலும் அரசுப் படிவத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 சதவிகிதம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48 சதவிகிதம். தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 சதவிகிதம். பலகையில் இருக்கும் மொழியை வீட்டிலும் வைத்திருக்கத்தான் அங்குள்ள குடும்பங்கள் போராடுகின்றன. அவர்களிடம் உச்சரிப்புக் குறை பார்க்க நமக்கு என்ன இருக்கிறது?

வந்தவர், இருப்பவர் என்ற கோடு அங்கே இனத்தைவிட நுட்பமானது. 2011-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்று சமரச மையத்துக்குப் போனது. அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. இந்தச் செய்தி வெளியானதும் கொதித்தவர்கள் இந்தியர்கள் மட்டும் அல்ல. சிங்கப்பூர்ச் சீனர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்து, "குழம்பு எங்கள் சாப்பாடும்தான்" என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் ஃபேஸ்புக்கில் கைகோத்து, ஆகஸ்ட் 21 அன்று தீவு முழுக்க அவரவர் வீட்டில் குழம்பு வைத்தார்கள். 

அன்று 'நம்ம ஆள்' யார் என்பதைத் தோல் நிறம் தீர்மானிக்கவில்லை. ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பேசிப் பழகிய வாழ்க்கைதான் தீர்மானித்தது. சிங்லிஷ் அந்த வாழ்க்கையின் மொழி.

அது தானாகவும் நடந்துவிடவில்லை. மக்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். 1989-லிருந்து ஒவ்வொரு குடியிருப்புக் கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை சதவிகிதம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தனித்தனித் தெருவாகப் பிரிந்து வாழ முடியாது. கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே திறந்துகிடக்கும் கீழ்த்தளத்தில் இன்று மலாய்க் கல்யாணப் பந்தல் இருக்கும். சில நாள்கள் கழித்து அதே இடத்தில் ஒரு சீனத் தாத்தாவின் இறுதிச் சடங்கு நடக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச ஒரு பொது மொழி வேண்டும் இல்லையா?

அரசுக்குப் பிடிக்காத செல்லப்பிள்ளை

இவ்வளவு பிரியமாகப் பேசும் மொழிக்கு அரசின் ஆதரவு மட்டும் கிடைத்ததில்லை. 1999 தேசிய தினப் பேருரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங், சிங்லிஷ் பேசும் 'ஃபுவா சூ காங்' என்ற பிரபல டி.வி நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே, அவர் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். 2000-ல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியது.

அரசின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வணிகத்தை நம்பி வாழும் சின்ன நாடு அது. உலகத்துக்குப் புரியும் ஆங்கிலம் இல்லாவிட்டால் பிழைப்பு போய்விடும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொள்வார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு சிங்லிஷ் மட்டுமே மிஞ்சும் என்ற கவலையும் உண்டு. 

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. 2016-ல் சிங்கப்பூர்க் கவிஞர் குவீ லி சூய், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் சிங்லிஷை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிரதமரின் ஊடகச் செயலாளரே மறுப்புக் கடிதம் அனுப்பினார். ஒரு கவிஞரின் கட்டுரைக்குப் பிரதமர் அலுவலகம் பதில் சொல்கிறது என்றால், விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம். 1979-ல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம், ஹொக்கியன் போன்ற சீன மொழிகளைப் பின்னுக்குத் தள்ளியது. பாட்டியோடு பேச முடியாத பேரப்பிள்ளைகள் உருவானார்கள். அந்தப் பாட்டிகளின் சொற்கள் இன்று பிழைத்திருக்கும் இடங்களில் சிங்லிஷும் ஒன்று.

புதிதாகப் போகிறவர் கவனிக்க வேண்டியது, இடம் பார்த்து மாற்றிப் பேசும் அவர்களின் சாமர்த்தியத்தை. கூட்டத்தில் தெளிவான ஆங்கிலத்தில் பேசிய அதே அதிகாரி, லிஃப்டில் இறங்கும்போது சக ஊழியரிடம் "மக்கான் வேர்?" என்பார். நாம் மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசுவதைப் போலத்தான்.

'எஸ், எஸ்' என்று சொல்வதில் இருக்கும் ஆபத்து

இத்தனை நேரம் அவர்கள் பேச்சு நமக்குப் புரியாததைப் பார்த்தோம். நம் பேச்சும் அவர்களுக்குப் புரியாமல் போகும். 'ப்ரீபோன்' என்றால் விழிப்பார்கள். காய்கறிக் கடையில் 'கவர்' கேட்டால் தபால் உறையைத் தேடுவார்கள். 

எல்லாவற்றையும்விட சிக்கல், நம் தலையாட்டல். பக்கவாட்டில் மெல்ல ஆட்டுவது நமக்கு 'சரி'. பார்க்கிறவருக்கு அது 'இல்லை'யா, 'தெரியலை'யா என்று குழப்பம். அலுவலகத்தில் இது சிரிப்போடு போய்விடும். கட்டுமானத் தளத்தில் அப்படிப் போகாது.

தமிழ்நாட்டிலிருந்து போகும் ஆயிரக்கணக்கானோர் கட்டுமானம், கப்பல் பட்டறை, தொழிற்சாலை வேலைகளுக்குத்தான் போகிறார்கள். மேற்பார்வையாளர் சீனராகவோ மலேசியராகவோ இருப்பார். வேகமான சிங்லிஷில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அண்டர்ஸ்டாண்ட் ஆ?" என்பார். புரியாவிட்டாலும், திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவோ, வேலை தெரியாதவன் என்று நினைப்பாரோ என்ற பயத்தில் 'எஸ், எஸ்' என்று தலையாட்டிவிடுவது நம் பழக்கம். உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கும், கிரேனுக்குக் கீழே நிற்பவருக்கும் அந்த ஒரு 'எஸ்' உயிரையே வாங்கிவிடும்.

புரியவில்லை என்றால், 'நோ அண்டர்ஸ்டாண்ட், ஒன் மோர் டைம்' என்று தைரியமாகக் கேட்கலாம். சிங்லிஷ் ஊரில் அதில் இலக்கணப் பிழை பார்க்க யாரும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. தமிழ் வகுப்பைக் கேட்டு வாங்குவது உரிமை. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995, போலீஸுக்கு 999. போனில் பதிவுசெய்துகொள்ள வேண்டிய முதல் இரண்டு எண்கள் இவைதாம்.

முதல் வாரத்துக்குச் சில குறிப்புகள்

* டாக்ஸி ஓட்டுநரை 'அங்கிள்', கடைக்காரப் பெண்மணியை 'ஆன்ட்டி' என்று அழைக்கலாம், மரியாதைதான். ஆனால் நாற்பதைத் தொடாதவரை 'ஆன்ட்டி' என்றால் என்ன ஆகும் என்பது நம்மூர் அனுபவத்திலேயே தெரியும்!

* முகவரியில் 08-45 என்று இருந்தால் எட்டாவது மாடி, 45-ம் எண் வீடு. அதற்கு முன் வரும் 'பிளாக்' எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும்.

* பேருந்து தானாக நிற்காது. நிறுத்தத்தில் நின்று கையை நீட்ட வேண்டும். ஏறும்போது கார்டைத் தட்டியது போல இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் கூடுதல் கட்டணம் போய்விடும்.

* நகரும் படிக்கட்டில் இடதுபக்கம் நிற்க வேண்டும். வலதுபக்கம், அவசரமாக நடப்பவர்களுக்கு.

* டூரியன் பழத்தோடு ரயிலில் ஏற முடியாது. ஒரு முறை வாசனை பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

* குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

* 'பைசே' என்றால், 'ஸாரி, சங்கடமா இருக்கு'. 'கேபோ' என்றால், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர். 'ஷியோக்' என்றால், 'ஆஹா, பிரமாதம்!'. 'பிளர் லைக் சோத்தோங்' என்றால், கணவாய் மீன் போல ஒன்றும் புரியாமல் விழிப்பவர். முதல் வாரத்தில் எல்லோரும் சோத்தோங்தான், வருத்தப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. முதல் நாளே 'லா', 'லா' என்று சேர்த்துப் பேசி அசத்தலாம் என்று நினைக்க வேண்டாம். 'டா' போட்டுத் தமிழ் பேச முயலும் வெளிநாட்டுக்காரர் நம் காதுக்கு எப்படி இருப்பாரோ, அப்படித்தான் இருக்கும். எந்த இடத்தில் 'லா', எந்த இடத்தில் 'லோர்' என்பது கேட்டுக் கேட்டுத்தான் பிடிபடும். அதுவரை காபிக் கடை ஆன்ட்டி, "சுகர் கேன்?" என்று கேட்டால், தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து 'கேன்' அல்லது 'கேனாட்' என்று சொன்னாலே போதும். அவருக்கும் புரியும், காபியும் சரியாக வரும்.